ஏழாவது பை

பழைய டவுனில் எட்டுப் பை மண்ணோடு பஸ் ஏறினேன்.
‘லக்கேஜ் போடணும்மா. உள்ள என்ன?’
மண் என்றேன்.
‘கடலூர்ல மண்ணுக்கா பஞ்சம்’ என்று
சீட்டைக் கிழித்தார் கண்டக்டர்.

ஏழு பை, உப்பனாற்றுப் பக்கம்
ஆரவல்லியின் கொல்லையில் தோண்டியது,
வாய்க்காலை நெருங்க நெருங்க ஒவ்வொரு குழி.
எட்டாவது கேப்பர் மலைச் செம்மண்,
ஒப்பிட்டுப் பார்க்க.

புனல்மேல் சல்லடை, சல்லடைமேல் மண்,
அதற்கும் மேலே நாற்பது வாட் குண்டு பல்பு.
சூடு இறங்க இறங்க
ஈரம் தேடி உயிர்களும் இறங்கும்.
கீழே குப்பியில் சாராயம்.
எண்ண வேறு வழி
எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வில்வாலி என்று நோட்டில் எழுதுகிறேன்.
‘குதிக்கிற தூசியா?’ என்றாள் ஆரவல்லி. அதுதான்.
தோலுரிக்கும்போது
குடலின் உள்தோலையும் சேர்த்து உரித்துவிடும் அது.
தின்ற காட்மியத்தில் கொஞ்சத்தை
அந்தத் தோலோடு மூட்டை கட்டி வெளியே வைத்துவிட்டு
புதுக்குடலோடு, பசியோடு,
அதே மண்ணுக்குத் திரும்பும்.
உரிப்பதிலேயே உடம்பு செலவாகிவிட
முட்டைக்கு மிச்சம் குறைவு.

மண்புழுவுக்கு அந்த வித்தை கிடையாது.
குடலைச் சுற்றிய மஞ்சள் சதையில்
கடன் பத்திரம்போல மடித்து மடித்து வைத்துக்கொள்ளும்.
வசூலுக்குக் கொக்கு வரும்.

‘ஈயம் இருக்குன்னு சொல்றியே,
பாத்திரத்துக்குப் பூசுவாங்களே, அதா?’
இது வேற ஈயம்க்கா.
‘ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சா நாங்க எப்படிப் பயப்படறது?’

இன்னொரு சோதனையும் செய்தேன்.
ஒரு டப்பா, நடுவில் தகடு.
இந்தப் பக்கம் கேப்பர் மலை, அந்தப் பக்கம் ஆரவல்லி.
தகட்டை உருவிவிட்டு
அது நின்ற கோட்டில் பத்துப் புழுக்களை விட்டேன்.
நாற்பத்தெட்டு மணி நேரம்.
ஒன்பது செம்மண்ணுக்குப் போயிருந்தன.
ஒன்று மட்டும் கோட்டிலேயே
தலை எது வால் எது என்று காட்டாமல் சுருண்டிருந்தது.

போனில் சொன்னேன். சிரித்தாள்.
‘நடுவுல கெடக்கறது எங்க ஊட்டுக்காரரு.
பகல்ல கம்பெனி, ராவுல கொல்லைக்குத் தண்ணி.’
அப்புறம் சிரிக்காமல்,
‘போன ஒம்போதுக்கும் அங்க யாரு பட்டா குடுத்தா?’

ஏழாவது பைக்கு
ஐந்து நாள் இரவும் பகலும் பல்பு எரிந்தது.
குப்பியில் சாராயம், இரண்டு மணல், ஒரு வேர்நுனி.
லென்ஸை மாற்றிப் பார்த்தேன். குப்பியையும் மாற்றிப் பார்த்தேன்.
பூஜ்யம் என்று எழுதியதை அடித்துவிட்டு
‘கண்டறியப்படவில்லை’ என்று போடச் சொன்னார் சார்.
போட்டேன்.
இப்போது குற்றம் என் கண்ணில் இருக்கிறது.

நேற்று ராத்திரி கரண்ட் போயிற்று.
மூன்றாவது பைக்குப் பல்பு போட்டு
ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.
செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன்.
சல்லடைக் கம்பியின் விளிம்பில்
வெள்ளையாய் ஒரு துணுக்கு.
மேலே மண் ஆறிக்கொண்டிருந்தது.
கீழே சாராயம்.
அதற்கு இரண்டுமே தெரிந்திருக்கும் என்று தோன்றியது,
அல்லது எனக்குத்தான் அப்படி.

கையில் போன் அடித்தது. ஆரவல்லி.
‘மானம் இருட்டிக்கிட்டு வருது.
விதைக் கடலை உரிச்சு வச்சிட்டேன்.
போடவா, வேணாமா? ஒண்ணு சொல்லு.’
நான் நிரப்ப வேண்டிய படிவத்தில்
முப்பத்திரண்டு கட்டங்கள்.
இந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை.
‘இருக்கியா?’ என்றாள்.
இருக்கேன்க்கா.

சுவிட்சின்மேல் விரலை வைத்தபடி நின்றேன்.
அணைக்கவா, அப்படியே விடவா என்று முடிவாகும் முன்
கரண்ட் வந்துவிட்டது.
துணுக்கு வாலைத் தட்டி எகிறியது,
எந்தப் பக்கம் என்று
கண் கூசியதில் நான் பார்க்கவில்லை.